கரி அடுப்பும் நான்கு பாளம் கறியும்

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷம் வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் கிரில் அடுப்பு முன்னால் நின்றவர். போன வருஷம் மார்ச் மாதம் வேலையை விட்டுவிட்டுத் தென்காசிக்குத் திரும்பி வந்தார். வந்த மூன்றாவது மாதமே ஏஜென்ட் போன் செய்தான். அதே ஹோட்டலில் ஆள் தேவை, வருகிறாரா இல்லையா என்று மாதக் கடைசிக்குள் சொல்லிவிட வேண்டும் என்றான்.

"இங்கன நான் என்னத்துக்கு இருக்கேன்? உன் அடுப்படியில கரண்டியத் தொட்டாலே பிடுங்குத" என்றார் அவர்.

அது உண்மைதான். பிடுங்கத்தான் செய்தேன். இருபத்திரண்டு வருஷம் என் இஷ்டப்படி புழங்கிய அடுப்படி. உப்பு டப்பாவை அவர் இடம் மாற்றி வைத்தால் எனக்குக் கோபம் வரும். ரேஷன் கடையில் நின்று எடை போடுகிறவள் நான், யாருக்கும் முகத்துக்கு நேரே எதையும் சொல்லிவிடுவேன். ஆனால் அவரிடம் "போகாதீங்க" என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்ல வரவில்லை. போனால் இன்னும் ஆறேழு வருஷம் வரமாட்டார் என்று தெரியும். மகன் சென்னையில். வீட்டில் நானும் டிவியும்தான் மறுபடியும்.

அந்த வாரத்தில் ஒருநாள், போவதற்கு முன்னால் எனக்கு ஒரு தடவை ஸ்டேக் செய்து தருவதாகச் சொன்னார். வீட்டில் வேண்டாமாம். கூடாரம் போட்டு, வெளியில்.

"பாலைவனத்துல டென்ட் அடிச்சு எவன் எவனுக்கோ சுட்டுக் கொடுத்தேன். உனக்கு ஒருநாளும் செஞ்சது இல்ல."

"எதுல சுடுவிய? இட்லிச் சட்டியிலயா?" என்று கேட்டேன். அடுப்பு தேடல் அப்படித்தான் ஆரம்பித்தது.

நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் மாட்டுக்கறி புதிதில்லை. குழம்பு வைப்போம், மிளகு போட்டு வறுப்போம். கட்டைவிரல் உயரத்துக்கு ஒரே பாளமாகச் சுட்டு, நடுவில் சிவப்பாக விட்டுத் தின்கிற இந்த ஸ்டேக்கை நான் செல்போனில் மட்டும் பார்த்திருந்தேன். அது எப்படி வேகும், ஏன் வேகாமல் விடுகிறார்கள், தின்றால் வயிறு என்ன ஆகும் என்று எனக்குக் கேள்வி மேல் கேள்வி.

முதலில் ஆன்லைனில் ஒன்று வரவழைத்தார். புத்தகம் மாதிரி மடியும் கரி கிரில். படத்தில் ஜோராக இருந்தது. பெட்டியைப் பிரித்து நான் கட்டைவிரலால் அமுக்கினேன், தகடு பள்ளம் விழுந்தது. கால்கள் கன்றுக்குட்டி மாதிரி ஆடின. அவர் கரித்தட்டுக்கும் மேல்கம்பிக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். இரண்டு விரல்தான் போனது.

"இது பப்படம் சுடத்தான் லாயக்கு" என்றார்.

"ஏன், கரி பக்கத்துல இருந்தா சீக்கிரம் வேகும்ல?"

"வெளிய கருகும், உள்ள குளிர்ந்து கிடக்கும். ஒரு கை உயரம் வேணும். கரிய ஒரு பக்கம் குவிக்கணும், மறுபக்கம் சும்மா கிடக்கணும். இந்தப் பக்கம் கறியோட மேல்பரப்பச் சுட்டு, அந்தப் பக்கம் வேக வைக்கணும். அதுக்கு இடம் எங்க இருக்கு இதுல?"

அன்றே திருப்பி அனுப்பினோம். தென்காசி பஜாரில் ஒரு கடையில் மூடி போட்ட உருண்டை அடுப்பு இருந்தது. நல்ல சாமான். ஆனால் ஸ்கூட்டியில் வைத்தால் நான் நடந்துதான் வர வேண்டும், அவ்வளவு பெரிது. கடைசியில் செங்கோட்டை ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனோம்.

அங்கேதான் நான் என் வீட்டுக்காரரைப் புதிதாகப் பார்த்தேன். வீட்டில் எதைக் கேட்டாலும் "பாப்போம்" என்கிற ஆள், அங்கே சாக்பீஸை வாங்கித் தரையில் படம் போட்டார். நீளம், அகலம், மடிகிற கால், மரக் கைப்பிடி. பட்டறை அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டு, "ஜிஐ தகடு போடுவோம் சார். சாரல்ல துருப்பிடிக்காது" என்றார்.

"ஆகாது அண்ணாச்சி. அதுல துத்தநாகம் பூசியிருக்கு, சூட்டுல விஷப்புகையா வரும். கருப்புத் தகடு போடுங்க. துருவுக்கு நான் எண்ணெ தடவிக்கிடுதேன்."

"வெல்டிங்காரனுக்கே பாடமா?"

"ஜிஐ பத்த வச்ச அன்னைக்கு நீங்க எதுக்குப் பால் வாங்கிக் குடிக்கிய? அந்தப் புகைக்குத்தான?"

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "வெவரமான ஆளுதான். கருப்புத் தகடே போடுவோம்."

மேல்கம்பிக்குத் தடித்த கம்பி வேண்டும் என்றார் இவர். தடிமன் இருந்தால்தான் சூடு நிற்கும், கறி வைத்ததும் கம்பி ஆறிப்போகாது. கம்பிக்கும் கம்பிக்கும் ஒரு விரல் இடைவெளி. நெருக்கி வைத்தால் ஈரல், குடல் எல்லாம் சுடலாமே என்று அண்ணாச்சி சொல்லிப் பார்த்தார். இவர் கேட்கவில்லை. நெருக்கினால் கொழுப்புப் புகை போக வழியில்லாமல் கறி கசக்குமாம்.

பிறகு காற்றுக்கு நான்கு பக்கமும் ஓட்டை போடச் சொன்னார். அங்கே நான் வாயைத் திறந்தேன்.

"உங்க பாலைவனத்துக்கு அது சரி. இங்க மலைக் கணவாய்க் காத்து ஒரே பக்கமா வந்து அடிக்கும். நாலு பக்கமும் திறந்து கிடந்தா கரி கொஞ்ச நேரத்துல சாம்பலாயிரும். மேல இருந்து தூறல் வேற. மூடி வேணும். ஓட்டைக்கு இழுத்து அடைக்கிற மாதிரி தகடு வேணும்."

அவர் என்னைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார். "அதையும் போட்டிருங்க" என்றார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கரிக்காக இஸ்திரி போடுகிறவரிடம் போனோம். அவரிடம் சிரட்டைக்கரியும் உடைமரக் கரியும் இருந்தன. இவர் இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். காய்ந்த கரி கண்ணாடி மாதிரி கிணுங்குமாம், ஈரக்கரி சத்தமே தராதாம். நானும் தட்டிப் பார்த்தேன். உண்மைதான். இத்தனை வருஷம் கரியைப் பார்க்கிறேன், யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

பட்டறையில் அடுப்பை வாங்கிக்கொண்டு, மாதக் கடைசி சனிக்கிழமை கிளம்பினோம். காட்டுக்குள் தீ மூட்ட விடமாட்டார்கள், விடவும் கூடாது. பழைய குற்றாலம் போகிற வழியில் என் நாத்தனார் வீட்டுத் தென்னந்தோப்பு இருக்கிறது. அதில் கூடாரம் போட்டோம். நாத்தனார் ஆய்க்குடியிலிருந்து ஆட்டோவில் வந்தாள். குற்றாலத்துக்கு வருகிற எல்லாரையும் போல அரிசி, மசாலா, குண்டான், அரிவாள்மனை சகிதமாக வந்தாள்.

கறியைக் காலையில் செங்கோட்டையில் வாங்கியிருந்தோம். கறிக்கடைக்காரர் பழக்கத்தில் துண்டு போடக் கத்தியை ஓங்க, இவர் கையைப் பிடித்து நிறுத்தி, விரலால் தடிமன் காட்டி, நான்கு பாளம் வாங்கினார். ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தோம். நாத்தனாருக்குச் சளி. அவளைச் சாமான்களுக்குக் காவல் வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் அருவிக்குப் போனோம்.

குளித்துவிட்டு, பசியில் கண் இருட்டிக்கொண்டு திரும்பி வந்தால், நாத்தனார் பம்புசெட் பக்கத்தில் அரிவாள்மனை மேல் உட்கார்ந்திருக்கிறாள். கறி முழுவதையும் மஞ்சள்தூள் போட்டு மூன்று தண்ணீர் கழுவியிருந்தாள். இரண்டு பாளத்தைக் குழம்புக்கு ஏற்ற மாதிரி பொடித் துண்டாக வெட்டி முடித்து, மூன்றாவதில் பாதி தூரம் போயிருந்தாள்.

"அந்தக் கறிக்கடைக்காரன் ஏமாத்திட்டான் மைனி. வெட்டாமலே கட்டிக் கொடுத்திருக்கான். நான் பாத்து வெட்டிட்டேன்" என்றாள் சந்தோஷமாக.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. அவளும் விடவில்லை.

"எனக்கு என்ன தெரியும்? கழுவாம கறி திங்கிற வீட்டுல நான் பெறக்கல! முழுசா சுட்டா எவன் தொண்டையில இறங்கும்?"

என் வீட்டுக்காரர் கிட்டே வந்தார். மஞ்சள் படிந்த ஒரு பாளத்தைத் தூக்கிப் பார்த்தார், திரும்ப வைத்தார். ஒரு தென்னை மூட்டில் போய் உட்கார்ந்தார்.

"இதுக்குத்தான் சொன்னேன். எனக்கு இங்கன ஒரு வேலையும் இல்ல. ரோட்டுக்குப் போனா சிக்னல் கிடைக்கும். ஏஜென்ட்டுக்கு வாறேன்னு சொல்லிருதேன்."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சமாதானம் சொல்லிப் பழக்கமும் இல்லை. அடுப்பின் காலை விரித்து வைத்தேன். கரியைக் கொட்டினேன். தட்டு முழுக்கப் பரப்பிவிட்டு, மண்ணெண்ணெய் பாட்டிலைத் திறந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. அப்படித்தான் கரி பற்றவைப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

"ஏட்டி, ஏட்டி! மண்ணெண்ணெ ஊத்தாத! கறி பூரா நாறும்!" என்று ஓடி வந்தார்.

"பின்ன எப்படிப் பத்த வைக்க?"

காய்ந்த தென்னம்பாளையைக் கிழித்து அடியில் வைத்தார். கரியை ஒரு பக்கம் கூம்பாகக் குவித்தார். காற்று வருகிற பக்கத்துத் தகடை இழுத்து அடைத்தார். கரி மேலே வெள்ளைச் சாம்பல் படியும் வரை எதையும் வைக்கக் கூடாது என்றார். ஏன் என்றேன், அதற்கு முன்னால் வைத்தால் கறியில் புகை வாடை ஏறும் என்றார். நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தன் துண்டுகளில் நாலை எடுத்துக் கம்பி மேல் போட்டாள். நாலில் மூன்று இடைவெளி வழியாகக் கரிக்குள் விழுந்தன. "என்ன அடுப்பு இது, ஓட்டை அடுப்பு" என்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நீ உன் கொழம்ப வையி தாயி" என்றார். அவள் மூன்று கல் கூட்டித் தனி அடுப்பு போட்டாள்.

முழுசாக மிஞ்சிய ஒரே பாளத்தை அவர் தோள் துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்தார். துண்டு மஞ்சளாகிவிட்டது. ஈரம் இருந்தால் கறி சுடாது, அவியும் என்றார். உப்பு மட்டும் தூவினார். கம்பியில் வைத்ததும் சத்தம் கேட்டது பாருங்கள், நான் இரண்டு அடி பின்னால் போனேன். சாரல் வந்தது. மூடியைப் போட்டார். நெருப்பு அணையவில்லை.

அவர் என் கையைப் பிடித்து, கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதையை அமுக்கச் சொன்னார். பிறகு கறியை அமுக்கச் சொன்னார். இரண்டும் ஒரே மாதிரி அமுங்கினால் எடுத்துவிடலாமாம். விரல் சுட்டது, ஆனாலும் மறுபடி அமுக்கினேன். விரலை மடக்கினால் சதை இறுகுகிறது, அந்த இறுக்கம் வந்தால் நன்றாக வெந்தது என்று அர்த்தம். இதைக் கொண்டுதான் இருபத்திரண்டு வருஷம் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டாரா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் "ஹோட்டல்ல சமையல்" என்பது மட்டும்தான். ஒருநாளும் என்ன சமையல் என்று கேட்டதில்லை.

எடுத்த உடனே வெட்ட விடவில்லை. கொஞ்ச நேரம் சும்மா கிடக்க வேண்டுமாம். பசியில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு நறுக்கி ஒரு துண்டைக் கையில் கொடுத்தார்.

"எப்படி இருக்கு?"

"உள்ள பச்சையா இருக்கு. மஞ்சள் வாடை அடிக்கி. உப்பு பத்தல" என்றேன். அவர் முகம் சுருங்கியது. "ஆனா பஞ்சு மாதிரி இருக்கு. இந்தக் கறி எப்படி இப்படி ஆச்சு? இன்னொரு துண்டு தாங்க."

மூன்று துண்டு தின்றேன். நான்காவதை எடுத்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், "போகாதீங்க" என்றேன்.

அவர் இடுக்கியைப் பிடித்தபடியே நின்றார். "இதை நீ மூணு மாசமா சொல்லல."

"இப்ப சொல்லுதேன்ல."

கரியைக் கொஞ்சம் கிளறினார். பாதி வெட்டுப்பட்ட மூன்றாவது பாளத்தையும் இடுக்கியையும் என் கையில் கொடுத்துவிட்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். நாத்தனார் குழம்பைக் கிண்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கறியை ஒற்றித் துடைத்தேன், உப்புப் போட்டேன், கம்பியில் வைத்தேன். எப்போது புரட்ட வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. ஒரு பக்கம் கருகிவிட்டது.

அவர் தலை நனைந்து திரும்பி வந்தார். அடுப்பைப் பார்த்தார். "கருக்கிட்டியே" என்றார்.

"என்ன சொன்னிய அவன்ட்ட?"

"வேற ஆளப் பாக்கச் சொல்லிட்டேன்." இடுக்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இனி நான் இங்கன என்ன செய்யப் போறேன்னு மட்டும் கேக்காத. எனக்கே தெரியாது."

நான் கேட்கவில்லை. எனக்கும் தெரியவில்லை. கருகிய பக்கத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு, அடுத்த பக்கத்தை எப்போது புரட்டுவது என்று கேட்டேன்.