அறுநூற்றுப் பன்னிரண்டு மிஸ்டு கால்

எனெஸ் சவுலாவுக்கு எங்கள் கல்லூரி ஒரு சான்றிதழ் கொடுத்திருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டு, நூலகத்தில் அவள் உட்காரும் மேசைக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார்கள். 'ஓர் அழைப்பையும் தவறவிடாத சேவை' என்று அதில் எழுதியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று இரண்டு முறை ஏணியைக் கூட எடுத்து வைத்தேன். ஆனால் நான் ஐம்பத்தைந்து வயதில் புத்தகங்களுக்குப் பட்டியல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். வேலை போனால் இந்த முசூசு ஊர்ச் சந்தையில் தக்காளிதான் விற்க வேண்டும். ஏணியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

எனெஸை யாரும் எனெஸ் என்று கூப்பிடுவதில்லை. பிறந்த குலத்தின் பெயரைச் சொல்லி 'ஞாசவுலா' என்பதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. பத்தொன்பது வருடமாக ரெஃபரன்ஸ் மேசை அவளுடையது. யார் என்ன கேட்டாலும் தேடிக் கொடுப்பது வேலை. தலையில் கட்டிய துணிக்குள் ஒரு பென்சில் எப்போதும் செருகியிருக்கும். கேட்ட கேள்விகளை எல்லாம் ஒரு தடித்த நோட்டில் எழுதி, எதிரே பதிலை எழுதுவாள். 'தெரியாது' என்று அந்த நோட்டில் ஓர் இடத்திலும் கிடையாது. மரவள்ளிக் கிழங்கில் விஷம் எப்படிப் போகிறது என்று ஒருவன் கேட்டதற்கு, புத்தகத்தில் பாதிதான் கிடைத்தது என்று விடுதிச் சமையல்காரரிடம் போய் மீதியைக் கேட்டு எழுதியவள் அவள். அப்படி ஒரு பிடிவாதம்.

எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் இங்கே இருப்பதே இல்லை. ஏரிக்கரையிலும் மலைமேலும் பள்ளிக்கூட ஆசிரியர்களாக வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் பட்டம் படிக்கிறவர்கள். வருடத்துக்கு இரண்டு முறை வந்து இரண்டு வாரம் வகுப்பில் உட்காருவார்கள், அவ்வளவுதான். அவர்களுக்காகத்தான் நான்கு வருடம் முன்னால் ரெஃபரன்ஸ் மேசைக்கு ஒரு மொபைல் வந்தது.

போனில் பேலன்ஸ் வைத்திருக்கும் ஆசிரியரை எங்கள் ஊரில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் எல்லோரும் மிஸ்டு கால் கொடுப்பார்கள், ஞாசவுலா திரும்பக் கூப்பிடுவாள். போகப்போக அதற்கு ஒரு முறையே வைத்துவிட்டாள். ஒரு மிஸ்டு கால் என்றால், கேள்வி இருக்கிறது, கூப்பிடுங்கள். அடுத்தடுத்து இரண்டு வந்தால், புத்தகத் தவணையை நீட்டிவிடுங்கள், கூப்பிட வேண்டாம். மூன்று வந்தால் தலை போகிற அவசரம். திரும்பக் கூப்பிடும்போது நின்றுகொண்டுதான் பேசுவாள், மாணவர் நேரிலேயே வந்து நிற்கிற மாதிரி. மாணவர்களுக்கு ஒரு பைசா செலவில்லாமல் நானூறு மைல் நீளத்துக்கு ஒரு நூலகம் நடந்தது. எனக்கு அவள் மேல் பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போன மே மாதம் துணைப் பதிவாளர் கயிரா அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். துணைக்கு நானும் போனேன். மேசைமேல் ஒரு தாள் கிடந்தது.

"ஞாசவுலா, ஒரே மாசத்துல அறுநூத்துப் பன்னிரண்டு அழைப்பு எடுக்கப்படாம போயிருக்கு. நான் சொல்லல, ரிப்போர்ட் சொல்லுது. மேசையில ஆள் இருக்கீங்களா, தூங்குறீங்களா?"

"ஐயா, அது மிஸ்டு கால். எடுக்கக் கூடாதுன்னுதான் கொடுக்கறாங்க. எடுத்தா அவங்க காசு போயிடும்."

"நம்ம கிட்ட இருந்து வெளிய போன அழைப்பும் நானூறுக்கு மேல. நூலகம் எதுக்குங்க வெளிய கூப்பிடணும்? வேணும்னா அவங்கல்ல கூப்பிடணும்?"

"அதான் இது, ஐயா. அது வந்தாத்தான் இது போகும்."

"இதுல ரெண்டே கட்டம்தான் இருக்கு. எடுத்தது, எடுக்காதது. உங்க கதைக்கு மூணாவது கட்டம் கிடையாது."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, போன வாரம் உங்க சித்தப்பா சாவுக்கு நீங்களே எனக்கு மிஸ்டு கால்தானே கொடுத்தீங்க? நான் எடுத்திருந்தா என்னைத் திட்டியிருப்பீங்களா இல்லையா?"

"அது வீட்டு விஷயம், கோண்ட்வே. இது ரிப்போர்ட்."

இந்த மண்ணிலேயே பிறந்து, மிஸ்டு கால் கொடுத்தே பெண் பார்த்துக் கல்யாணம் முடித்த மனுஷன். தெரியாதவர் என்றால் சொல்லிப் புரிய வைக்கலாம். தெரிந்தே தெரியாத மாதிரி உட்கார்ந்திருப்பவரை என்ன செய்வது?

மறுநாள் உத்தரவு வந்தது. மூன்று முறை மணி அடிப்பதற்குள் போனை எடுத்தாக வேண்டும். எடுத்தவுடன் கல்லூரியின் பெயர், பிரிவின் பெயர், தன் பெயர் சொல்லி, 'உங்களுக்கு எவ்வாறு உதவலாம்' என்று முழுதாகக் கேட்க வேண்டும். அந்தப் போனிலிருந்து வெளியே கூப்பிடும் வசதியும் பூட்டப்பட்டது.

ஞாசவுலா எடுத்தாள். மாணவர்கள் பதறிப்போனார்கள். மிஸ்டு காலை எடுப்பது என்றால் எங்களிடத்தில் அடுத்தவன் பையில் கை விடுவதற்குச் சமம். "ஏன் அம்மா எடுத்தீங்க?" என்று கத்தி வைத்தவர்கள் பாதி, பேச்சு வருவதற்கு முன்பே பேலன்ஸ் தீர்ந்தவர்கள் மீதி. யார் கேள்வி அறுந்து போனாலும் அவள் தன் சொந்தப் போனை எடுத்துக் கூப்பிட்டாள். முதல் வாரம் கூப்பிட்டாள், இரண்டாவது வாரமும் கூப்பிட்டாள். பிறகு அவள் மகன் வீட்டில் சத்தம் போட்டான். அதற்குள் கூப்பிடவும் அதிகம் ஆளில்லை. ஒரு நாளைக்கு இருபது முறை அடித்த போன் ஒன்றோ இரண்டோ முறை அடித்தது. நோட்டுப் புத்தகம் ஒரே பக்கத்தில் நின்றது.

அலுவலகத்துக்கு மட்டும் ஒரே சந்தோஷம். தவறிய அழைப்பு, பூஜ்யம்.

இந்த நிலைமையில்தான் ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை வெசி ம்ஹோனேயின் கடிதம் வந்தது. உசிஸ்யாவிலிருந்து கருவாட்டு மூட்டையோடு வந்த ஒருவர் மேசையில் வைத்துவிட்டு, நின்று பேசக் கூட நேரமில்லாமல் போய்விட்டார்.

வெசி ஏரிக்கரையில் உள்ள உசிஸ்யாவில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஐந்தாவது வருடம், கடைசிக் கட்டுரை. அதைக் கொடுத்துவிட்டால் பட்டம். பட்டம் வந்தால் முசூசுவில் உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றல். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் இங்கே தங்கை வீட்டில்தான் வளர்கின்றன. சின்னவள் தங்கையைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள் என்று போன தடவை வகுப்புக்கு வந்தபோது வெசி ஞாசவுலாவிடம் அழுதிருக்கிறாள்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். கட்டுரை எழுதி முடித்துவிட்டாள். நூலகத்தில் குறிப்பெடுத்தபோது மூன்று புத்தகங்களுக்குப் பதிப்பு வருடமும் பக்க எண்ணும் எழுதிக்கொள்ள மறந்துவிட்டாள். அவை இல்லாமல் துறையில் கட்டுரையை வாங்கவே மாட்டார்கள். வெள்ளிக்கிழமை நான்கு மணி கெடு. அவளுடைய போன் படகிலிருந்து ஏரியில் விழுந்துவிட்டது. 'வியாழன் மதியம் பன்னிரண்டுக்கு சிக்னல் மேட்டில் ஏறி, யாரிடமாவது போன் வாங்கி மூன்று மிஸ்டு கால் கொடுக்கிறேன் அம்மா. அந்த நம்பருக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். இரண்டு மணி லாரியில் கட்டுரையைக் கொடுத்தனுப்ப வேண்டும்.'

புதிய உத்தரவு பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. அவளிடம் சொல்லவும் வழி இல்லை.

இரண்டு புத்தகம் அலமாரியில் கிடைத்தன. மூன்றாவது ஒரு விரிவுரையாளர் வீட்டில் எட்டு மாதமாக இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் ஞாசவுலா நடந்தே போய், அவர் மனைவி பூந்தொட்டிக்கு அடியில் வைத்திருந்ததை வாங்கி வந்தாள். மூன்று பதிப்பு வருடங்கள், ஏழு பக்க எண்கள். ஒரு துண்டுத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் போனுக்கு அடியில் வைத்தாள்.

"நாளைக்கு எடுக்க மாட்டேன், கோண்ட்வே," என்றாள். "ரிப்போர்ட்ல ஒண்ணுன்னு வந்தா வந்துட்டுப் போகட்டும். மணி அடிச்சு நின்னதும் என் போன்ல கூப்பிடறேன். பேலன்ஸ் போட்டு வெச்சிருக்கேன்."

வியாழக்கிழமை பதினொன்றே முக்காலுக்குக் கயிரா உள்ளே வந்தார். பின்னால் சுத்தியலும் ஆணியுமாகத் தச்சர். அவர் கையில் அந்தச் சான்றிதழ்.

"இன்னும் கொஞ்சம் மேல. இடது பக்கம் ஏத்து. ஞாசவுலா, இப்படி நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

அவர் தன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தபோது மேசையில் இருந்த போன் அடித்தது. ஞாசவுலா அதைப் பார்த்தாள், தொடவில்லை. முதல் மணி அடித்து ஓய்ந்தது. கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டாள். இரண்டாவது மணி.

"என்னங்க, எடுங்க! இதையே படம் எடுத்துக்கறேன். நல்லா வரும்."

எடுக்காதே என்று நான் கண்ணால் சொன்னேன். சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். பத்தொன்பது வருடம் மேலதிகாரி சொன்னதைக் கேட்டே பழகிய கை அவளுடையது. அது தானாகப் போய்ப் போனை எடுத்தது.

"வணக்கம். இது கல்லூரி நூலகம், குறிப்புதவிப் பிரிவு, நான் எனெஸ் சவுலா, உங்களுக்கு எவ்வாறு..."

"அம்மா, எடுக்காதீங்க! அய்யோ, வைங்க, வைங்க..."

அவ்வளவுதான். அந்தப் பக்கம் பேலன்ஸ் தீர்ந்துவிட்டது.

"அருமை," என்றார் கயிரா, படத்தைப் பார்த்து. ஆணி அடிக்கும் சத்தம் ஆரம்பித்தது.

ஞாசவுலா நம்பரைக் கையில் எழுதிக்கொண்டு, தன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நான் துண்டுத் தாளோடு பின்னால் ஓடினேன். ஒரு ஆண் குரல் எடுத்தது. பத்தடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது.

"யாரும்மா நீ? மிஸ்டு காலை எடுத்து என் பேலன்ஸை முழுங்கிட்டு இப்போ எதுக்குக் கூப்பிடற? மீன் யாவாரிக்குச் சொல்றதுக்கு வெச்சிருந்தேன். படிச்சவங்க பண்ற வேலையா இது?"

"அண்ணா, தப்பு என்னுதுதான். நான் போட்டு விடறேன். பக்கத்துல ஒரு டீச்சர் இருக்காங்க, அவங்ககிட்ட ஒரே நிமிஷம்..."

பின்னணியில் வெசியின் குரல் கேட்டது. "அண்ணா, குடுங்க அண்ணா, என் வாழ்க்கை அண்ணா." அவன் என்னவோ சொல்லித் திட்டிவிட்டு வைத்துவிட்டான். ஞாசவுலா அவன் நம்பருக்குப் பேலன்ஸ் அனுப்பினாள். வருடங்களையும் ஏழு பக்க எண்களையும் செய்தியாக அடித்து அனுப்பினாள். பதினாறு முறை கூப்பிட்டாள். அவன் மேட்டை விட்டு இறங்கிவிட்டான், சிக்னல் இல்லை. அந்தச் செய்தி இரண்டு நாள் கழித்து, அவன் மீன்பிடித்துவிட்டு வந்து மறுபடி மேட்டில் ஏறியபோதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மேட்டில் நின்ற மற்றவர்கள் போன் தர மறுத்துவிட்டார்கள். கல்லூரி நம்பர் காசை முழுங்கும் நம்பர் என்று அங்கே எல்லோருக்கும் அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது. வெசி கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் ஆளாகக் கெஞ்சியிருக்கிறாள். லாரியின் ஹாரன் கேட்டு இறங்கி ஓடியபோது அது வளைவு தாண்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து ஞாசவுலா துறை அலுவலக வாசலில் அந்தத் தாளோடு உட்கார்ந்திருந்தாள். கட்டுரை வெற்றிடங்களோடு வந்தாலும் தன் கையால் நிரப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஓர் எண்ணம். நான்கு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். கட்டுரை வரவில்லை.

சனிக்கிழமை நூலகம் பாதி நாள். ஒன்பதரை மணிக்கு வெசி வந்தாள். படகில் வந்து, இரவு துறைமுகத்தில் படுத்து, விடியற்காலையில் வண்டி பிடித்திருக்கிறாள். பாவாடை விளிம்பெல்லாம் மணல். கட்டுரையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தாள். துறை அலுவலகத்துக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தாள். அங்கே இருந்த ஒரே குமாஸ்தா, அடுத்த வருடம் வா என்று சொல்லியிருக்கிறார்.

ஞாசவுலா எழுந்து நின்றாள். துண்டுத் தாளை நீட்டினாள். வெசி அதை வாங்கவில்லை. மேசைக்குப் பின்னால் சுவரில் இருந்ததை நிதானமாகப் படித்து முடித்தாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"ஏன் அம்மா எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. ஒரு புத்தகத்தின் பெயர் கேட்கிற மாதிரி, பதில் கிடைக்கும் என்று நம்பிக் கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து மேசையில் போன் அடித்தது. அவள் கை பாதி தூரம் போயிற்று. வெசி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று முறை அடித்தது, நான்கு முறை, ஐந்து. நின்றுவிட்டது. இரண்டு பேரும் கையை விடவில்லை.

ஜூலை முதல் வாரம் கயிராவிடமிருந்து தாள் வந்தது. 'ஜூன் மாதத்தில் ஓர் அழைப்பு தவறவிடப்பட்டுள்ளது. சான்றிதழ் பெற்ற பிரிவில் இது வருந்தத்தக்கது. எழுத்துமூலம் விளக்கம் தரவும்.'

ஞாசவுலா தலைத்துணியிலிருந்து பென்சிலை எடுத்து அந்தத் தாளின் கீழேயே எழுதினாள். கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். அதனால் வழியில் படித்தேன்.

'அந்த நேரத்தில் வாசகர் ஒருவர் நேரில் ஒரு கேள்வி கேட்டார். பதில் எனக்குத் தெரியாது. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.'