படம் முடிந்த பிறகு விழுந்தவன்

காய்ந்த தோடம்பழத் தோலும் மூட்டுவலித் தைலமும் கலந்த மணம் எங்காவது மூக்கில் பட்டால் எனக்கு உடனே பதினான்கு வயதாகிவிடும். அது என் சிநேகிதன் மிங்கின் வீட்டு மணம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கனடாவின் ஸ்காபரோவில் அக்காவும் அத்தானும் இருந்த அப்பார்ட்மென்டில் ஒட்டிக்கொண்ட முதல் குளிர்காலம் அது. ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளின் வகுப்பில், ஹொங்கொங்கிலிருந்து வந்த அவனும் நானும் ஒரே மேசை. ஒருவன் பேச்சு மற்றவனுக்கு விளங்காது; ஆனாலும் எங்களைப்போல் சத்தம் போட்டுக் கதைத்தவர்கள் அந்த வகுப்பில் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவன் வீட்டில் படம். அவன் தகப்பன் வீடியோக் கடையிலிருந்து எடுத்துவரும் "கொப்பி"யில் அடியில் ஆங்கில எழுத்துக்கூட ஓடாது. தேவையும் இல்லை. கதாநாயகன் ஒருவனைக் குத்திவிட்டுத் தன் கையைத்தான் உதறி உதறி ஊதுவான். உட்காரும் நீள வாங்கைத் தூக்கிச் சுழற்றினால் அது திரும்பிவந்து அவன் தலையிலேயே அடிக்கும். நான் சிரித்துச் சிரித்துச் சோபாவிலிருந்து வழுக்கி விழுவேன்.

ஒருநாள் வில்லன் தோற்று, நடித்தவர்களின் பெயர்களும் ஓடத் தொடங்கிய நேரத்தில், கதாநாயகன் மாடியிலிருந்து உடுப்புக் காயப்போடும் மூங்கிலுக்குத் தாவினான். பிடி தவறிச் சீமெந்துத் தரையில் விழுந்தான். நெற்றியில் இரத்தம். நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மிங்கின் தகப்பன் கைதட்டினார், மிங் சிரித்தான்.

வென்றவனைக் கடைசியில் கொன்றுவிட்டார்களே என்று எனக்கு அழுகை வந்தது. அப்படித் தூக்கிக்கொண்டு ஓடுவதை ஊரில் நேரே பார்த்துவிட்டு வந்தவன் நான். அதற்குச் சிரிக்கிறவர்களோடு என்ன சிநேகம்? சப்பாத்து நூலும் கட்டாமல் வெளியேறினேன்.

"படத்துக்கே அழுகிறாய், விசரா?" என்றார் வீட்டில் அத்தான்.

"இனி அங்கை போகமாட்டன்."

திங்கட்கிழமை கதிரையைத் தள்ளிப் போட்டு இருந்தேன். அவனை விட்டால் அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேறு ஒருவரும் இல்லை என்பது தெரிந்துதான் தள்ளி இருந்தேன். மிங் ஏதோ விளக்கப் பார்த்தான், சொல் வரவில்லை. இடைவேளையில் என்னை வெளியே இழுத்துக்கொண்டுபோய், வாசற்படி மேலே ஏறி, முன்கைகள் இரண்டையும் பலகைபோலப் "படக்" என்று தட்டிவிட்டுப் பனிக்குவியலுக்குள் குதித்தான். குப்புற விழுந்தான். நொண்டிக்கொண்டு ஏறினான். மறுபடி "படக்". மறுபடி விழுந்தான். நாலாம் முறை நேரே நின்று, கமராவைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

அப்போதுதான் விளங்கியது: அந்தப் "படக்", படம் எடுக்குமுன் தட்டும் பலகை. நான் பார்த்தது கதையின் முடிவல்ல, எடுக்கும்போது பிழையாகிப்போன துண்டுகள். அந்த மனிதன் சாகவில்லை. மருந்து கட்டித் திரும்ப ஏறித் தாவியிருக்கிறான்.

நானும் ஏறினேன், தட்டினேன், குதித்தேன். அடியில் உறைந்து கிடந்த கட்டியில் பட்டு, முன்பல்லில் பாதி உடைந்து பனிக்குள் போய்விட்டது. ரீச்சர் ஓடிவந்தபோது இருவரும் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டு கிடந்தோம்.

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டேன். இன்று மார்க்கம் என்ற ஊரில் வீடு, என் பெயர் எழுதித் தெருவில் ஓடும் ஆறு வான்கள். கூரை போடுவதில் இந்த நகரத்தில் என்னை வெல்ல ஆளில்லை. மூன்று முறை கூரையிலிருந்து விழுந்திருக்கிறேன், மூன்று முறையும் அதே ஏணியில் ஏறி வேலையை முடித்திருக்கிறேன். மிங் வன்கூவர் போய்விட்டான். இப்போது படத்தில் கம்பியூட்டர்தான் பாய்கிறது. அந்தக் கடைசித் துண்டுகள் இருந்தாலும், அவை வருமுன்னே ரிவி தானாக அடுத்த படத்துக்குப் போய்விடுகிறது. வீடியோக் கடை இருந்த இடத்தில் பல் வைத்தியர் இருக்கிறார், எங்கள் தமிழ்ப் பெடியன்தான்.

"அங்கிள், உந்த உடைஞ்ச பல்லைக் கட்டிவிடட்டோ? பத்து நிமிஷ வேலை."

"உதிலை கை வையாதேங்கோ தம்பி. உது படம் முடிஞ்ச பிறகு வாற துண்டு."

அவருக்கு விளங்கவில்லை. கதிரையில் படுத்தபடியே முன்கைகள் இரண்டையும் "படக்" என்று தட்டிக் காட்டினேன்.