பொன்னாடையும் இட்லி மாவும்

போன ஞாயிற்றுக்கிழமை இரும்புலியூரில் ஒரு கடைத் திறப்பு விழா. கடை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். ஒரு ஷட்டர், ஒரு பெரிய கிரைண்டர், ஒரு ஃப்ரீஸர். இட்லி மாவை பாக்கெட் போட்டு விற்கிற கடை.

ரிப்பன் வெட்டியவர் எங்கள் ஏரியா பேங்க் மேனேஜர். "தேசத்தைக் காத்தவர்கள் சொந்தத் தொழில் தொடங்கினால், முதலில் தோள் கொடுப்பது எங்கள் வங்கிதான்!" என்று மைக்கில் முழங்கினார். காலனி அசோசியேஷன்காரர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன் — பழக்க தோஷம்.

தட்டிவிட்டுத்தான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். கடைக்காரர் அருள்ராஜின் மனைவி, நர்சரி ஸ்கூல் டீச்சர். அவர் கை அசையவே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அருள்ராஜ் மிலிட்டரியில் ஹவில்தாராக இருந்து ரிடையர் ஆனவர். எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறார். மீசையைப் பார்த்தால் யாருக்கும் சல்யூட் அடிக்கத் தோன்றும். ஆனால் மனிதர் வேலை பார்த்தது சமையல் பிரிவில். மலை உச்சியில், பனிக்கு நடுவில், நம்ம ஊர்ப் பையன்கள் இட்லி கேட்பார்களாம். அந்தக் குளிரில் மாவு எங்கே பொங்கும்? பாத்திரத்தைத் தன் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு படுப்பாராம். "பொண்டாட்டி பக்கத்துல படுத்ததைவிட மாவு பக்கத்துல படுத்ததுதான் ஜாஸ்திண்ணா" என்பார் — ஸ்டெல்லா அருகில் இல்லாதபோது.

இப்படிப்பட்டவர் ஊருக்கு வந்து, மாவுக் கடை வைக்கப் போகிறேன் என்றார். ஆளாளுக்கு அட்வைஸ் ஆரம்பமானது. "செக்யூரிட்டி ஏஜென்சி வைங்க சார்!" முதலில் சொன்னவன் அடியேன்தான். "மிலிட்டரிக்காரர் போய் மாவு ஆட்டறதா?" என்று அசோசியேஷன் செக்ரட்டரிக்கு ஒரே வேதனை. என்னமோ தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்ட மாதிரி!

நமக்கு ஏன் இந்த ஆசை? பால் வடியும் முகத்தோடு போனவரை எல்லையில் காவலுக்கு நிறுத்தினோம். நரைத்துத் திரும்பி வந்தவரை அபார்ட்மென்ட் கேட்டில் நிறுத்தாவிட்டால் நமக்குத் தூக்கம் வராதா?

ஆதரவு இல்லாமலும் இல்லை. முன்னாள் ராணுவத்தினருக்கு சுயதொழில் பயிற்சி என்று ஒரு முகாம் நடந்தது. ஒரு ஃபைல், ஒரு பேனா, மத்தியானம் லெமன் ரைஸ். வகுப்பெடுத்தவர் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவர். அவர் மேடையில் நின்று, "வாழ்க்கையில ரிஸ்க் எடுக்கக் கத்துக்கங்க!" என்றாராம். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பூராவும் குண்டுச் சத்தம் கேட்டுவிட்டு வந்தவர்கள்...

அடுத்தது பேங்க் லோன். துணைக்கு நான் போனேன். மேனேஜர் எழுந்து நின்று கைகொடுத்தார். "உங்களை மாதிரி ஆளுங்களாலதான் சார் நாங்க நிம்மதியா இருக்கோம்" என்றார். பிறகு, "பிசினஸ் எப்படிப் போகும்னு நினைக்கறீங்க?" என்று கேட்டார்.

நீங்களும் நானும் என்ன சொல்லியிருப்போம்? "அமோகமா போகும் சார்!" அருள்ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சார், நாலு மணி நேரம் கரண்ட் போச்சுன்னா மாவு பூரா புளிச்சுடும். கீழதான் கொட்டணும். வெயில் காலத்துல இது அடிக்கடி நடக்கலாம். பக்கத்துத் தெருவுல இன்னொருத்தர் கடை போட்டா பாதி வியாபாரம் போயிடும். உளுந்து விலை ஏறிச்சுன்னா லாபம் நிக்காது."

மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். மிலிட்டரிக் கால்... அசையவில்லை.

"என்ன சார், உங்களுக்கே நம்பிக்கை இல்லையே" என்று மேனேஜர் விண்ணப்பத்தை மெதுவாக நகர்த்தி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு பண்ணலாம். நம்ம பிராஞ்சுக்கே ஒரு கன்மேன் வேணும். நம்பிக்கையான ஆள் கிடைக்க மாட்டேங்குது. நீங்க வந்துடறீங்களா?"

"சார், நான் அதிகமா சுட்டது சப்பாத்திதான்."

"பரவால்ல சார். யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னா போதும்."

பேங்க்கில் உள்ள மொத்தப் பணத்துக்கும் காவல் நிற்க நம்பலாம். ஒரு கிரைண்டர் வாங்க நம்ப முடியாது!

வெளியே வந்ததும் நான் எகிறினேன். "அப்படியா அருள் பேசறது? எல்லாத்தையும் உளறிட்டீங்களே!"

"அண்ணா, மேல இருக்கற ஆபீசர் கேட்டா முதல்ல ஆபத்தைத்தான் சொல்லணும். பாதை நல்லாருக்குன்னு சொல்லி அனுப்பிட்டு, போறவன் கண்ணிவெடியில கால் வச்சா யார் பதில் சொல்றது?"

பக்கத்துக் கடையில் மோர் வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் ஸ்டெல்லா ஸ்கூலுக்கு லீவு போட்டார். மகளை நர்சிங்கில் சேர்ப்பதற்கென்று வைத்திருந்த ஆரத்தையும் வளையல்களையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, அதே பேங்க்குக்குப் போனார். நகைக்கடன் கவுன்ட்டர். கரண்ட் கட் பற்றி யாரும் கேட்கவில்லை. உளுந்து விலையைப் பற்றியும் கேட்கவில்லை. உரசிப் பார்த்தார்கள், எடை போட்டார்கள், பணத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

"அவரு சர்வீஸ் பூராவையும் காட்டினாரு, நம்பலை அண்ணா. நான் வளையலைக் காட்டினேன். உடனே நம்பிட்டாங்க" என்றார் ஸ்டெல்லா.

வருகிற ஜூனில் மகளுக்குக் கல்லூரி. அதற்குள் மாவு விற்று நகையை மீட்டாக வேண்டும். மீட்க முடியாவிட்டால்? அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

திறப்பு விழாவுக்கு வருகிறேன். மேனேஜரைக் கூப்பிட்டது அசோசியேஷன்தான். சர்ச் ஃபாதர் வந்து மெஷினை மந்திரித்துவிட்டுப் போனார். கல்லாவுக்கு மேலே அருள்ராஜ் ஒரு போர்டு மாட்டியிருந்தார்: 'கரண்ட் போனால் மாவு புளிக்கும். புளித்த அன்று இங்கே எழுதியிருப்போம்.' திருந்தாத ஜென்மம்! ஆனால் ஒன்று — வந்த பெண்கள் அந்த போர்டைப் படித்துவிட்டு இன்னொரு பாக்கெட் சேர்த்து வாங்கினார்கள்.

கடைசியில் பொன்னாடை. இது இல்லாமல் விழா முடியுமா? ஆகஸ்ட் பதினைந்து, ஜனவரி இருபத்தாறு என்று அசோசியேஷன் போர்த்திய பொன்னாடைகள் அருள்ராஜ் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. மேனேஜர் இன்னொன்றைப் போர்த்தினார். அருள்ராஜ் அட்டென்ஷனில் நின்று வாங்கி, மனைவியிடம் கொடுத்தார்.

ஸ்டெல்லா அதைப் பிரித்தார். ஜரிகையை விரலால் தடவிப் பார்த்தார்.

"சார், நாளைக்கு இதை உங்க கவுன்ட்டருக்கு எடுத்துட்டு வந்தா எவ்ளோ குடுப்பீங்க?"

எல்லோரும் சிரித்தோம். மேனேஜர் எங்களைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

ஸ்டெல்லா பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.