தராசுக்குப் பிறகு அடித்த பெயின்ட்

அந்தத் தச்சர் மாட்டிய கதவு சாத்தினால் சத்தம் வராது. பெயின்ட் அடித்த கதவில் முகம் பார்க்கலாம். வேலையில் ஒரு சின்னப் பிசிறு தெரிந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

ஐந்து வருடமாகக் கார் கொட்டகையில் மச்சானோடு சேர்ந்து ஒரு குட்டி விமானம் கட்டினார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி, பஸ் மெக்கானிக். விமானம் ஓட்டும் லைசென்ஸ் அவனிடம், மரவேலை இவரிடம். வாலில் கீல் போட்டு மேலும் கீழும் அசைகிற பலகையை இவர்தான் செய்து, துணி ஒட்டி, நூல் பிடித்து மட்டம் பார்த்து மாட்டினார்.

மாட்டுமுன் அதற்குத் தராசுப் பரீட்சை உண்டு. கீலை இரண்டு கத்திகளின் கூர்விளிம்பில் நிறுத்தி, பின்விளிம்பு தொங்காத அளவுக்கு முன்பக்கம் ஈயம் வைக்க வேண்டும்.

"பின்னாடி கனம் கூடிச்சுன்னா வேகத்துல படபடன்னு அடிச்சு வாலையே பிச்சுடும் மாமா. கடைசிக் கோட் காஞ்ச பிறகுதான் தராசு" என்று மச்சான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

அப்படித்தான் பார்த்தார்கள். பலகை ஆடாமல் நின்றது. மறுவாரம் வெயிலில் பார்த்தபோது பின்விளிம்பில் துணியின் ஒட்டு வரி தெரிந்தது. தச்சருக்குக் கை சும்மா இருக்கவில்லை. பட்டி பூசித் தேய்த்து, இரண்டு கோட் அடித்தார். கதவுக்கு ஒரு கோட் கூடினால் நல்லதுதானே.

"என்ன மாமா, தலை சீவ கண்ணாடியே வேண்டாம் போலிருக்கே!" என்று சிரித்தான் மச்சான். வெறுமனே தேய்த்துப் பளபளப்பாக்கியதாக நினைத்தான். இவரும் சிரித்து வைத்தார்.

மூன்று முறை மெதுவாகப் பறந்து இறங்கினான். நான்காவது முறை வேகம் கூட்டிப் பார்த்தான். வால் தனியாக விழுந்தது.

மச்சானின் காரியம் முடிந்து இரண்டு மாதம் கழித்து விசாரணை அதிகாரியின் கடிதம் வந்தது: ஓட்டியவர் வேக வரம்பை மீறியிருக்கலாம், ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதலாம்.

"சைக்கிள்ல இறக்கம் வந்தாலே இறங்கித் தள்ளிட்டு வர்ற பய. அவனா தலைதெறிக்க ஓட்டினான்?" மனைவி காகிதத்தையும் பேனாவையும் அவர்முன் வைத்தாள். "வால்ல ஒரு குறையும் இல்லன்னு நீங்க எழுதிக் குடுங்க. வேற எதுலயாவது கோளாறான்னு தேடட்டும்."

பேனாவின் மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார்.

"ரெண்டு கோட் அடிச்சேன்."

"எதுக்கு?"

"அந்த வால் பலகைக்கு. தராசு பாத்த பிறகு. மறுபடி பாக்கல."

அவளுக்கும் தராசு என்னவென்று தெரியும். அன்று கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றவளே அவள்தான்.

"தம்பிக்குத் தெரியுமா?"

"சொல்லல. பாக்க நல்லா இருக்கட்டும்னுதான்..."

"நிறுத்துங்க." காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "அதையே எழுதுங்க. தேதியோட."

எழுதி முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். வாசித்துப் பார்த்து, "சொல்லல" என்பதையும் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தார். தானே போய்ப் பதிவுத் தபாலில் போட்டாள்.

கடிதம் சேர்ந்ததற்கான சீட்டு வர ஒன்பது நாள் ஆனது. அதுவரை சமைத்தாள், துணி மடித்தாள். சீட்டு வந்த அன்று பெட்டியோடு தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள்.

"அவன் மேல தப்பில்லன்னு பதில் வந்தா போன் பண்ணுங்க" என்றாள். "வேற எதுக்கும் பண்ண வேண்டாம்."