அப்டேட்டுக்கு முந்தைய நாளுக்குத் திரும்புதல்

எங்கள் ரிப்பேர் தொழிலில் எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும் கூடவே வரும் வாக்குமூலம், "நான் ஒண்ணுமே பண்ணலை." பெரும்பாலும் அது உண்மைதான், தானாக வந்து உட்கார்ந்த அப்டேட்தான் பண்ணியிருக்கும். ஷார்ஜா தொழில்பேட்டையில் கடை வைத்திருக்கிறேன். அந்த வாரம் திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் டிரைவர் மென்பொருளுக்கு ஒரு அப்டேட் வந்தது. உங்களுக்கும் வந்திருந்தால் என் வேதனை புரியும்.

பெரிய எழுத்து

முதலில் வந்தவர் ஊருக்குச் சாமான் அனுப்பும் கார்கோ கடை காதர் பாய். டிரைவர் கெட்டு, திரையில் எல்லாம் பூதாகரமாக நின்றது. முந்தைய டிரைவருக்குத் திருப்பும் பட்டனை அழுத்தினேன். ஐந்தே நிமிடத்தில் எல்லாம் பழைய அளவுக்கு வந்துவிட்டது. அவர் முகம் மட்டும் வாடிப்போனது. மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு சொன்னார்:

"ரெண்டு நாளா கண்ணாடி இல்லாமலே படிச்சேன் தம்பி. முன்ன மாதிரியே கெடுத்துக் குடுங்க."

அழிந்த பழசு

இரண்டு தெரு தள்ளி ஓர் இரும்புப் பட்டறை. அங்கே வரைபடம் போடுபவர் யாழ்ப்பாணத்துச் சிவநேசன். பகல் பன்னிரண்டு மணிக்குள் கட்டடப் படம் போயாக வேண்டும். திரையோ கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது. மேனேஜர் பின்னால் நின்று "ஜல்தி கரோ பாய்" என்று அவசர மந்திரம் ஓதிக்கொண்டிருந்தார். திருப்பும் பட்டனைப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. பழைய டிரைவரே கம்ப்யூட்டரில் இல்லை.

"போன கிழமை இடம் காணாதெண்டு நான்தான் பழசெல்லாம் அழிச்சனான்" என்றார் சிவநேசன், மேனேஜருக்குத் தமிழ் புரியாது என்ற தைரியத்தில்.

பக்கத்து மேசையில் அதே மாடல் ஒன்று அப்டேட்டுக்குத் தப்பியிருந்தது. அதிலிருந்து பழைய டிரைவரை எடுத்து ஏற்றினேன். பதினொன்று ஐம்பதுக்குப் படம் போய்ச் சேர்ந்தது. சிவநேசன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, இனி மனுசி சொன்னாலும் வீட்டில பழைய சாமான் ஒண்டையும் எறிய மாட்டன்."

ஜுபைலில் நிச்சயதார்த்தம்

முருகானந்தம் முன்பு ஷார்ஜாவில் என் வாடிக்கையாளர். இப்போது சவூதியின் ஜுபைலில் தொழிலாளர் கேம்ப் வாசம். ஊரில் தங்கைக்கு நிச்சயதார்த்தம். லீவு கிடைக்கவில்லை. வீடியோ காலில் பார்க்க ரூமில் ஆறு பேர் லேப்டாப் முன்னால் கூடியிருக்க, அப்டேட் முடிந்து திரை இருண்டுவிட்டது. போனில் பார்க்கலாமென்றால் அவருடையது திரை உடைந்து, பேச மட்டும்தான் உதவும்; மற்றவர்களிடம் இருப்பதோ பட்டன் போன்.

அந்தப் போனிலேயே வழி சொன்னேன். அணைத்து, எழுப்பி, மறுபடி அணைத்து, அடிப்படை வசதிகளோடு மட்டும் இயங்கும் சேஃப் மோடுக்குள் நுழைந்து, ஒவ்வொரு வரியாக அவர் வாசிக்க, நான் "அடுத்தது" என்றேன். "தட்டு மாத்தியிருப்பாங்கண்ணே" என்றார். பழைய டிரைவர் ஏறியது, படம் வந்தது. தட்டு இன்னும் மாற்றவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு நிதானமாகச் சொன்னார்:

"ரொம்பத் தெளிவா தெரியுதுண்ணே. மாப்பிள்ளைக்கு முன்வழுக்கைங்கிறதே இப்பத்தான் தெரியுது."

புதியதை எடுத்துவிட்டுப் பழையதை வைப்பதே முழுநேர வேலையாகிவிட்ட என் விசிட்டிங் கார்டில், 'நவீனத் தொழில்நுட்ப நிபுணர்' என்று போட்டிருக்கிறது.