அக்கா போடாத மாத்திரை

போன வாரம் மரக்காணம் போயிருந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. செல்வி அக்காவைக் கையும் களவுமாகப் பிடிக்க!

செல்வி அக்கா என் பெரியம்மா மகள். உப்பளத்தில் வேலை. இரண்டு வருஷமாக இதயம் பலவீனம். பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், இப்போது உப்பு மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருக்கிறாள். தினமும் நாலு வகை மாத்திரை.

இதில் ஒரு புதிர். மழைக்காலத்தில் வேலை இருக்காது; வீட்டில் இருப்பாள், நன்றாகவே இருப்பாள். உப்பு சீசன் ஆரம்பித்தால் போதும்... கால் வீங்கும், மூச்சு வாங்கும். இந்த வருஷம் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படியே ஆகிவிட்டது. இன்னொரு தடவை இப்படி உடம்பில் நீர் கோத்துக்கொண்டால் இதயம் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். 

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்று யார் கேட்டாலும், போடுகிறேன் என்று தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டலில்தான் எனக்குச் சந்தேகம். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, பாண்டியிலிருந்து பஸ் பிடித்து, அக்கா வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். சி.ஐ.டி. வேலை!

மறுநாள் விடிவதற்கு முன்பே அக்கா வேலைக்குக் கிளம்பினாள். மூன்று மாத்திரை என் கண் முன்னால் உள்ளே போனது. நாலாவது, உடம்பில் சேரும் நீரை வெளியேற்றுகிற சின்ன வெள்ளை மாத்திரை, முந்தானை முடிச்சுக்குள் போனது. டீ குடித்துவிட்டுப் போடுகிறேன் என்றாள். ஆகா, மாட்டினாள் என்று நினைத்துக்கொண்டேன். விடுவேனா? நானும் கூடவே உப்பளத்துக்குப் போனேன்.

மாட்டியது நான்தான்.

போகிற வழியில் பெரிய டம்ளரில் டீ குடித்திருந்தேன். அது போதாதென்று ஒரு பாட்டில் தண்ணீர் வேறு. வெயில் ஏறியதும் வயிறு முட்டியது. ஒதுங்க இடம் தேடினேன். பார்த்த இடமெல்லாம் பாத்தி பாத்தியாக வெள்ளை வெளேரென்று உப்பு. ஒரு புதர் இல்லை, ஒரு மரம் இல்லை. உப்புக் குவியலுக்குப் பின்னால் போகலாமென்றால், அந்தப் பக்கம் லாரி நிற்கிறது. நாலு பேர் சாவகாசமாக பீடி பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் இறைக்கிற என்ஜின் கொட்டகையில் டிரைவர் படுத்திருக்கிறார்.

ஆண்களுக்கு என்ன? அந்தப் பக்கம் திரும்பி நின்றால் ஆயிற்று. பெண்கள்?

அக்காவிடம் போய் மெதுவாகக் கேட்டேன். ஊசியும் சணலுமாக உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"வீட்டுக்குப் போறவரைக்கும் அடக்கிக்கோ. இங்க எந்தப் பொம்பளையும் தண்ணியே குடிக்க மாட்டோம்."

"அப்ப அந்த மாத்திரை?"

"அதைப் போட்டா அரைமணிக்கு ஒருக்கா போவணும்டி. நான் எங்க போவேன்?"

எனக்குக் கோபமெல்லாம் இறங்கிப்போனது. அழுகைதான் வந்தது. உயிர் போய்விடும் என்கிற பயத்தைவிட, நாலு பேர் பார்த்துவிடுவார்கள் என்கிற பயம் பெரிதாக இருந்திருக்கிறது அவளுக்கு.

இதோடு விட்டாளா? வாரமெல்லாம் போடாத மாத்திரைக்கு ஈடுகட்ட, ஞாயிற்றுக்கிழமை லீவில் இரண்டு மூன்றாகச் சேர்த்துப் போட்டிருக்கிறாள். அன்றைக்கெல்லாம் தலைசுற்றல். ஒருநாள் அடுப்பங்கரையிலேயே விழுந்திருக்கிறாள். நான் துருவிக் கேட்கும்வரை அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

மதியம் வீட்டுக்குப் போய் முதலில் என் அவசரத்தை முடித்தேன். கொல்லையில் ஓலைத் தடுப்பு கட்டி வைத்திருக்கிறாள். ராஜமாளிகை மாதிரி தெரிந்தது. சாயந்திரம் அவளை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க, எல்லாவற்றையும் நானே சொன்னேன்.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று டாக்டர் அவளைக் கேட்டார்.

"ஆம்பள டாக்டர்கிட்ட இதெல்லாம் எப்படிங்க சொல்றது?"

அவர் திட்டவில்லை. எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்று மட்டும் விசாரித்தார். அக்காவைப் பரிசோதித்தார். இந்த ஒரு மாத்திரையை மட்டும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு மதியத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார். விட்டுப்போனால் சேர்த்துப் போடவே கூடாது, தானாக எதையும் நிறுத்தவும் கூடாது, கால் வீங்கினால் உடனே வர வேண்டும் என்றார்.

அவ்வளவுதான். மருந்து மாறவில்லை, மணிதான் மாறியது. இதற்கா இரண்டு வருஷம் உயிரோடு விளையாடினோம்?

நம் வீடுகளில் எத்தனை மாத்திரை இப்படி முந்தானையில் இருக்கிறதோ... பஸ்ஸில் போக வேண்டும், ஆபீசில் தூக்கம் வருகிறது, விரதம். காரணம் எதுவாகவும் இருக்கட்டும். டாக்டரிடம் தலையாட்டிவிட்டு வீட்டில் வந்து நாமே மாற்றிக்கொள்வதற்குப் பதில், அங்கேயே வாய் திறந்தால் என்ன?

நேற்று காயின் போனிலிருந்து அக்கா பேசினாள். வீக்கம் நன்றாக வடிந்திருக்கிறதாம். கூட வேலை செய்கிற இரண்டு பெண்களும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்களாம், பிரஷர் மாத்திரையில்; அதுவும் நீர் பிரிக்கிற மாத்திரையாம். அவர்களை அதே டாக்டரிடம் அழைத்துப் போனது இவள்தான். அவர்கள் தரையைப் பார்த்தபடி நிற்க, இவள் பேசினாளாம்.

"எனக்கு வெக்கமே போயிடுச்சுடி" என்றாள்.

போனது வெட்கம்தானே அக்கா... மூச்சு இல்லையே!