பல்கீஸ் மறுத்த பால்

கிண்ணியாவில் ஸாலிஹாவுக்கு வாய்க்காரி என்று பெயர். சும்மா வந்த பெயரல்ல. பதினெட்டு வருடத்துக்கு முன் பெய்ரூத்திலிருந்து ஐந்து மாதக் கைக்குழந்தையோடு வந்து இறங்கிய நாள் முதல் ஊரோடு சண்டை பிடித்தே அதை வாங்கினாள். அங்கே அவளோடு ஒரே வீட்டில் வேலை செய்த எத்தியோப்பியப் பெண், பிள்ளையைப் பெற்றுவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள். கேட்க நாதியில்லை. ஸாலிஹாவுக்கும் புருஷன் முனாபுக்கும் பிள்ளை இல்லை. தூதரகத்துக்கும் கோட்டுக்கும் நடையாய் நடந்து, சட்டப்படி தத்தாக எழுதி எடுத்து, ஷிஃபானா என்று பெயர் வைத்தாள்.

"காப்பிரிப் பிள்ளை" என்று ஆபிரிக்க நிறத்தைக் குத்திக் காட்டியது ஊர். சுருட்டை முடியைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளின் வீட்டு வாசலில் போய் நின்று ஸாலிஹா கத்துவாள். ஷிஃபானா அழுதுகொண்டு வந்தால் கட்டி அணைக்கத் தெரியாது, "ஆரு சொன்னது?" என்று செருப்பை மாட்டத்தான் தெரியும். பிள்ளை அழுகையை ஒளிக்கப் பழகிவிட்டதை அவள் கவனிக்கவேயில்லை.

வந்த புதிதில் குழந்தை பால் போத்தலைத் தொடவில்லை. முனாபின் ராத்தாவுக்கு, மூத்த சகோதரி பல்கீஸுக்கு, அப்போது மகன் அகீல் கைக்குழந்தை. முணுமுணுத்துக்கொண்டே என்றாலும் ஒரு மாதம் இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுத்தாள். எழுதி எடுத்தால் மட்டும் மார்க்கத்தில் மகளாகிவிட முடியாது. ஆனால் ராத்தா பால் கொடுத்த பிள்ளைக்கு முனாப் தாய்மாமன் முறை. வளர்ந்த பிறகும் அவன் முன்னால் முக்காடு தேவையில்லை, ஒரே வீட்டில் இருக்கலாம். குடும்பத்துக்குள் சாட்சி எதற்கு என்று யாரும் சாட்சி வைக்கவில்லை. அங்கேதான் பிழை விட்டார்கள்.

போன மாதம் வீட்டை ஷிஃபானா பேரில் எழுதப் போகிறோம் என்றதும் பல்கீஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பிக்குப் பிறகு அது அகீலுக்கு என்றிருந்தவள் அவள். "நான் ஒரு காப்பிரிச்சிக்கும் பால் குடுக்கல்ல" என்று பள்ளிவாசலில் போய்ச் சொல்லிவிட்டாள்.

பால் உறவு இல்லையென்றால் முனாப் அன்னிய ஆண். மூன்று கிழமையாக ஷிஃபானா வீட்டுக்குள்ளும் முக்காட்டோடு திரிந்தாள். முனாப் கடற்கரையில் மீன் வாடிக் கொட்டிலில் படுத்தான். ராத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அவ மூத்தவ, நான் என்னத்தக் கதைக்க ஏலும்?" என்றான். ஸாலிஹாவுக்கு பல்கீஸை விட இவன் மேல்தான் ஆத்திரம். ஷிஃபானாவோ படிக்கிற இடத்து விடுதிக்குப் போக உடுப்பை மடித்து வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஸெய்னுதீன் மௌலவி விசாரிக்க வீட்டுக்கு வந்தார். பல்கீஸ் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முனாப் கதவடியில் நின்றான். ஷிஃபானா குசினித் திரைக்குப் பின்னால்.

"பால் குடுத்தீங்களா, இல்லையா?"

"இல்ல ஹஸரத்."

ஸாலிஹா கத்துவாள் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவள் கத்தவில்லை.

"சரி மதினி. அப்ப அகீலும் ஷிஃபானாவும் அன்னியம். கலியாணம் முடிச்சு வைக்கத் தடையில்லதானே ஹஸரத்?"

"தடையில்ல."

"அப்ப என்ட மகள அகீலுக்குத் தாறன். படிப்பு முடியட்டும். வீடும் அவவோட வரும். இப்பவே பேசுவம்."

பல்கீஸ் கூரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். வீடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பிறகு அவள் முகம் வெளிறியது.

"அல்லாஹ்வே, ஹராம்! ரெண்டும் என்ட பால் குடிச்ச பிள்ளையள், கூடப் பொறந்த முறை!"

"எத்தின தரம்? அஞ்சு தரத்துக்குக் குறைஞ்சா உறவாகாது" என்றார் மௌலவி.

"ஒரு மாசம்..."

"இனி என்ட வாசல மிதிக்காதீங்க" என்றாள் ஸாலிஹா. பல்கீஸ் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினாள். மௌலவியும் எழுந்து போனார். ஸாலிஹாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பதினெட்டு வருடச் சண்டையில் இதுதான் பெரிய வெற்றி.

திரையை விலக்கிக்கொண்டு ஷிஃபானா வந்தாள். முனாப் சிரித்தான். "முக்காட எடுங்க மகள். எல்லாம் சரியாகிட்டு."

அவள் முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டாள்.

"மாமி பொய் சொல்லிட்டு, கடைசியில உண்மையச் சொன்னா. நீங்க ஒண்டுமே சொல்லல்ல. உங்களுக்கு எல்லாம் தெரியும்தானே, மாமா?"

வாப்பா என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகிய வாய் அது. பிள்ளையை அழவைத்தவனைத் தேடி ஸாலிஹா இந்தமுறை செருப்பை மாட்ட வேண்டியிருக்கவில்லை. முனாப் வீட்டுக்குள்ளேயே நின்றான்.